மில்லிங் மிஷின் பார்க்கப் போன படலம்

எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்ப மாட்டார்கள். அத்தைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் வீட்டைப் பார்த்துவரப் பெரியப்பா, அப்பா, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த சித்தப்பா என்று சரியாக மூன்று பேர் வெள்ளை வேட்டி கட்டி நின்றபோதுதான் அந்தச் சங்கடம் நினைவுக்கு வந்தது. நான்காவதாக வரவேண்டிய பங்காளிக்கு அன்று காலையிலிருந்து வயிறு சரியில்லை. தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து இழுத்து, முகம் கழுவி, பொங்கலுக்கு எடுத்த பாவாடையை மாட்டிவிட்டார்கள். ஆக, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன பெரியமனிதர்கள் கூட்டத்தில் நானும் இருந்தது என் சாமர்த்தியத்துக்காக அல்ல, தலை எண்ணிக்கைக்காக.

பெண் கொடுக்கும் முன் வீடு பார்ப்பது வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்களில் வழக்கம். பெயர்தான் வீடு பார்ப்பது, வீட்டை யாரும் பார்ப்பதில்லை. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, மாடு எப்படி இருக்கிறது, வைக்கோல் படப்பு எத்தனை நாளுக்குக் காணும் என்றுதான் பார்ப்பார்கள். பெரியப்பா இதில் கைதேர்ந்தவர். கிணற்றுக்குள் ஒரு கல்லைப் போட்டு, மாடு முட்டிச் செவிடான இடது காதை விட்டு வலது காதைச் சாய்த்து, விழுகிற சத்தத்தை வைத்தே தண்ணீரின் அளவைச் சொல்லிவிடுவார். மாட்டின் உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்து வயதைச் சொல்லுவார். அத்தைக்கு முன்பு வந்த வரன்களில் ஒன்று கிணற்றில் போயிற்று, இன்னொன்று மாட்டில் போயிற்று. அத்தைக்கோ வயது ஏறிக்கொண்டே இருந்தது.

இந்த மாப்பிள்ளையை அத்தைக்குப் பிடித்திருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வீட்டுக் கிணற்றுக் கப்பி கிறீச்சிடுவதைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் எண்ணெய் கேட்டு வாங்கி அதற்குப் போட்டுவிட்டுப் போன மனிதர் அவர். பொண்ணைப் பார்க்க வந்தவன் கப்பியைப் பார்த்துவிட்டுப் போகிறான் என்று வீடே கேலி செய்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சத்தமே இல்லாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

வீடு பார்க்கக் கிளம்பிய அன்று எனக்குச் சடை போட்டுவிட்டபடியே அத்தை என் காதோரம் குனிந்தது.

"ஏய் புள்ள, மிஷின்ல வேலை பாக்குறவுகளுக்கு விரல் போயிரும்ங்குறாக. அவுக கையை நல்லாப் பாத்துட்டு வா. ஆருகிட்டயும் சொல்லிறாத."

பெரிய பொறுப்புதான். தலைக்கணத்தோடு பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளையின் வீடு மதுரையில், புதூர்ப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. ஓட்டு வீடு, இரண்டே அறை. பின்னால் ஒரு முருங்கை மரம். பெரியப்பா கிணற்றைத் தேடினார், தெருக்குழாயைக் காட்டினார்கள். மாட்டைத் தேடினார், பால்காரர் வந்து ஊற்றிவிட்டுப் போவதாக மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்த சித்தப்பா, டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நேராகவே கேட்டார்.

"அப்ப இங்கன சோறு போடுறது எது?"

"மிஷினுங்க," என்றார் மாப்பிள்ளை.

"அப்ப அதைக் காட்டு. பாத்துட்டுப் போறோம்."

மாப்பிள்ளைக்கு ஒரே சிக்கல். பெரியப்பாவை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மச்சான் என்று கூப்பிடப் பேச்சு இன்னும் முடியவில்லை, அண்ணே என்று கூப்பிட்டால் முறை தப்பி அத்தை தங்கச்சியாகிவிடும். அதனால் எந்த முறையும் வைக்காமல் "வாங்க, வாங்க" என்றே பட்டறை வரைக்கும் அழைத்துப் போனார். போகிற வழியெல்லாம் நான் அவர் கையையே பார்த்தபடி நடந்தேன். விரல் எல்லாம் இருந்தது. ஒரு நகம் மட்டும் கறுத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டறையில் வேறு ஆள் இல்லை. தகரக் கூரை, எண்ணெய் வாடை, காலுக்கடியில் நறநறவென்று இரும்புத் தூள். மூலையில் ஒரு கடைசல் மிஷின். நடுவில், என் உயரத்துக்கும் மேலே, பச்சை வண்ணம் அடித்த ஒன்று நின்றது. அவரும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து கோயம்புத்தூரிலிருந்து பழையதாக வாங்கி வந்த மில்லிங் மிஷின். நான் அதுவரை பார்த்திருந்த இயந்திரங்கள் பம்புசெட்டும் தையல் மிஷினும்தான். இதற்கு இத்தனை கைப்பிடிகள் எதற்கு என்று எனக்கு உடனே தெரிந்தாக வேண்டியிருந்தது.

பெரியப்பா அதை மாட்டைச் சுற்றுவதுபோல ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு குனிந்தார். மிஷினின் மேல்புறத்திலிருந்து குறுக்கே வந்த ஒரு தண்டில், வடை அளவுக்கு ஒரு இரும்புத் தட்டு மாட்டியிருந்தது. அதன் ஓரம் முழுக்கப் பற்கள். கட்டர் என்று அதற்குப் பெயர். பெரியப்பா அந்தப் பற்களை விரலால் தடவினார்.

"பல்லு தேஞ்சிருக்கே. வயசான உருப்படியா?"

"ஆமாங்க, கொஞ்சம் மழுங்கிருச்சு. சாணை பிடிச்சா மறுபடி கூர் வந்துரும்."

"மாட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல," என்றார் பெரியப்பா. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. இது என்ன செய்யும் என்று கேட்டுவிட்டேன். பெரியவர்கள் பேசும்போது நடுவில் விழுந்ததற்கு வீட்டில் என்றால் தலையில் குட்டு விழுந்திருக்கும். மாப்பிள்ளை என்னவோ இதற்காகவே காத்திருந்தவர்போல என் பக்கம் திரும்பிவிட்டார்.

"அந்தா மூலையில நிக்கிறது கடைசல் மிஷின், பாப்பா. அதுல இரும்பு சுத்தும், உளி நிக்கும். இதுல தலைகீழு. உளி சுத்தும், இரும்பு அதுகிட்டப் போகும்."

கட்டருக்குக் கீழே ஒரு மேசை இருந்தது. ஒரு கைப்பிடியைச் சுற்றினார், மேசை இடமும் வலமும் போயிற்று. இன்னொன்றைச் சுற்றினார், எங்களை நோக்கி வந்தது. மூன்றாவதைச் சுற்றியதும் அத்தனை கனமான மேசை அப்படியே மேலே எழும்பியது. நான் வாயைப் பிளந்துவிட்டேன். மூன்றையும் எனக்குச் சுற்றத் தந்தார். ஒரு முழுச் சுற்றுக்கு மேசை நகர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அப்படி மெதுவாகப் போனால்தான் அளவு தப்பாது என்றார்.

மேசையின்மேல் ஒரு வட்ட இரும்பு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கரும்புச்சாறு பிழிகிற மிஷினுக்கான சக்கரம். பாதிக்குப் பல் வெட்டியாகிவிட்டது, மீதி மொழுமொழுவென்று இருந்தது. கட்டர் ஒரு பள்ளத்தை வெட்டி முடித்ததும் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி அடுத்ததை வெட்ட வேண்டும். எம்புட்டுத் திருப்புவது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பக்கத்திலிருந்த ஒரு தட்டைக் காட்டினார். வட்ட வட்டமாக அதில் ஓட்டைகள். கைப்பிடியைச் சுற்றி, எண்ணிய ஓட்டையில் அதன் முள்ளை விட்டால் சக்கரம் எப்போதும் ஒரே அளவுதான் திரும்பும், ஒரு பல் பெருத்து ஒரு பல் சிறுக்காது. இரண்டு பள்ளங்களுக்கு நடுவே மிச்சம் நிற்பதுதான் பல். பல்லை யாரும் செய்வதில்லை, பக்கத்தில் இருப்பதை எடுத்துவிட்டால் பல் தானாக நின்றுவிடுகிறது என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

"இரும்பு எந்தப் பக்கமிருந்து போகும்?" என்றேன்.

"நல்ல கேள்வி கேட்ட. கட்டர் சுத்துறதுக்கு எதிர்த்தாப்புலதான் அனுப்பணும். அது சுத்துற போக்குலயே கூட அனுப்புனா, ஒரே இழுவா இழுத்து வாயில போட்டுக்கும். இந்தப் பழைய மிஷினுக்கு அந்தப் புத்தி உண்டு."

பெரியப்பாவும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தலை லேசாக ஆடியதை நான் பார்த்தேன். "சரி, ஓட்டு பாப்பம்," என்று கட்டருக்குப் பக்கத்தில் நெருங்கி வந்து, இடுப்பில் கையை ஊன்றி, குனிந்து நின்றார். அவர் குனிந்ததும் தோளில் கிடந்த சிவப்புக் கரைத் துண்டின் நுனி முன்னால் தொங்கியது.

மாப்பிள்ளை சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனவர், அதைப் பார்த்தார். பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வதை அதே வேகத்தில் சொல்லிவிட்டார்.

"துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிருங்க."

அப்பா தரையைப் பார்த்தார். சித்தப்பா வாசலைப் பார்த்தார். மாப்பிள்ளைக்குச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று என்ன வந்தது?

"என்ன சொன்ன?" என்றார் பெரியப்பா.

"இல்லைங்க, தப்பா எடுத்துக்கிறாதீக. நுனி பல்லுல மாட்டுச்சுன்னா ஆளையே இழுத்துரும். துண்டு தோள்லயே இருக்கட்டும். செத்த தள்ளி, வாசப்படிகிட்ட நின்னு பாருங்க, நான் ஓட்டிக் காட்டுறேன்."

"வாசப்படியிலயா? எங்க வீட்டுப் பொண்ணைக் குடுக்கப் போற எடத்தை நான் வாசப்படியில நின்னு பாக்கணுமாக்கும்? துண்டும் இருக்கும், நானும் இங்கனதான் நிப்பேன். ஓட்டு."

மாப்பிள்ளை சுவிட்சில் கை வைத்தபடி நின்றார். ஓட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன், ஆசையோடு காத்திருந்தேன். அவர் கையை எடுத்தார். சுவருக்குப் போய் மெயின் சுவிட்சையே கீழே இறக்கினார். திரும்பி வந்து கைகூப்பினார்.

"மன்னிச்சிருங்க. நீங்க இப்படி நிக்கிறவரைக்கும் நான் இதை ஓட்ட மாட்டேன்."

பெரியப்பா திரும்பி வெளியே நடந்தார். ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் நான்கு பேரும் நான்கு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம். மிஷின் ஓடுவதைப் பார்க்க முடியாமல் போன துக்கம் எனக்கு. மற்றவர்களின் துக்கம் என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் அத்தை என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டது. விரல் எல்லாம் இருக்கிறது என்றதும் ஒரு பெருமூச்சு விட்டது. அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. அரிவாள்மனையை எடுத்துப் போட்டு, ஒரு புடலங்காயை வைத்து, மில்லிங் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்துவிட்டேன். இதுல அருவா நிக்கும் அத்தே, காய் போகும். அங்கன அருவா நின்ன எடத்துலயே சுத்தும், காயும் மெதுவாப் போகும், எதிர்த்தாப்புலதான் போகணும். அத்தை பொறுமையாகக் கேட்டது. கடைசியில்தான் துண்டுச் சமாச்சாரத்துக்கு வந்தேன். அத்தையின் முகம் மாறியது. அவர் சுவிட்சை இறக்கிக் கைகூப்பியதை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னது. சொன்னேன். மறுபடி ஒரு தரம் சொல்லச் சொன்னது. ஓட்டைத் தட்டைப் பற்றி இப்படி ஒரு தரம்கூடக் கேட்கவில்லையே என்று எனக்கு வருத்தம்.

சாப்பிட உட்கார்ந்ததும் பெரியப்பா பொதுவாகச் சொன்னார், "அந்த எடம் சரிப்படாது."

அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசி அத்தையை நான் பார்த்ததே இல்லை. அன்று குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவோரம் வந்து நின்றது.

"அண்ணே, ஓட்டிக் காட்டியிருந்தாகன்னா நீங்க சரின்னுருப்பீக. அது அவுகளுக்குத் தெரியாதா?"

பெரியப்பா நிமிரவில்லை.

"தெரிஞ்சுதானே நிறுத்தியிருக்காக. பொண்ணு கெடைக்காட்டியும் போகுது, இந்த மனுசனுக்கு ஒண்ணும் ஆகிரக் கூடாதுன்னு நெனச்சவுக வீட்டுல நான் கெட்டா போயிருவேன்?"

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது. பெரியப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். எனக்குப் பயமாக இருந்தது. மிஷினைப் பற்றி நான் அவ்வளவு விலாவாரியாகச் சொன்னதால்தான் சண்டை வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வேட்டி மாற்றிக்கொண்டு, "இவ மிஷின் ஓடுறதைப் பாக்கணும்னு நச்சரிச்சுக்கிட்டே இருக்கா. கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்," என்றார். நான் நச்சரித்தது உண்மை. ஆனால் என் நச்சரிப்புக்காகப் பெரியப்பா தெருமுனைக் கடைக்குக்கூட வந்ததில்லை. போய்விட்டு வரும்வரை எதையும் கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு கூடப் போனேன்.

பட்டறையில் மாப்பிள்ளை மட்டும்தான் இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க" என்றார். பெரியப்பா மிஷினுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். பிறகு தோளிலிருந்த துண்டைத் தானே எடுத்தார். நிதானமாக நாலாக மடித்தார். வைப்பதற்கு இடம் தேடினார். எங்கு பார்த்தாலும் எண்ணெயும் இரும்புத் தூளும். மாப்பிள்ளை இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொள்ள வந்தார், கையிலிருந்த கறையைப் பார்த்ததும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார். மடித்த துண்டைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார்.

"இதை வச்சிரு ஆத்தா. கீழ போட்டுறாத."

பிறகு மிஷினிடம் போனார். "இப்ப ஓட்டு மாப்ள," என்றார்.

நானும் ஓடினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்து "அங்கேயே நில்லு!" என்று கத்தினார்கள்.

"துண்டு போட்ட ஆளு கிட்ட வரக் கூடாது பாப்பா," என்றார் மாமா. ஆமாம், அவர் மாமா ஆகிவிட்டிருந்தார், எனக்குத்தான் இன்னும் தெரியாது.

"அது இங்கத்த சட்டமாம். வாசப்படிகிட்ட நில்லு," என்றார் பெரியப்பா. அவர் சிரித்தாரா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

மிஷின் ஓடியது. தரை அதிர்ந்தது, இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம் கேட்டது. மோர்போல வெள்ளையாக ஏதோ ஒரு தண்ணீர் குழாயிலிருந்து ஊற்றியது மட்டும் தெரிந்தது. மற்றதையெல்லாம் பெரியப்பாவின் முதுகு மறைத்துக்கொண்டது. அவர் குனிந்தும் நிமிர்ந்தும், "அட! அட!" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். துண்டு இல்லாத அவருடைய தோளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன், மெலிந்து சின்னதாக இருந்தது. அத்தனை நாள் ஆசைப்பட்டுக் காத்திருந்தவள் நான், பார்த்தது அவர். எனக்கு அழுகை முட்டியது.

அத்தையின் கல்யாணம் அந்த ஆவணியிலேயே நடந்தது. நான் கல்லூரிக்குப் போன பிறகு, வேறு எதையோ பேசும்போது அம்மா சொன்னார். எங்கள் ஊர் மேலத்தெருவுக்குள் போகும்போது தாத்தா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வாராம். கூலி வாங்க வாசப்படிக்கு வெளியேதான் நிற்க வேண்டுமாம். காலாகாலமாக அப்படித்தான். பெரியப்பாவுக்கு மீசை முளைத்த வயதில், ஒருநாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அதே தெருவில் நடந்திருக்கிறார். பிடித்துக் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். மாடு முட்டி அவருடைய இடது காது செவிடானதாக எங்களிடம் சொல்லி வைத்திருந்தது அதைத்தான். காயம் ஆறியதும் வேறொரு துண்டைப் போட்டுக்கொண்டு மறுபடி அந்தத் தெருவில் நடந்திருக்கிறார். அதற்குப் பிறகு கோயில் சன்னதியைத் தவிர வேறு எங்கும், எவன் முன்னாலும் அது இறங்கியதில்லையாம். மாமாவும் எங்கள் ஜனம்தான், அவருடைய அப்பா அதே மாதிரி ஒரு தெருவிலிருந்து தப்பித்து மதுரைக்கு வந்தவர்தான். தான் சொன்னது எங்கே போய்க் குத்தும் என்று சுவிட்சை இறக்கும்போது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வாசற்படியில் நின்ற எனக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது. அந்தத் துணி என் தோளில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழப் பார்த்தது. வேர்வையும் புகையிலையும் வாடையடித்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, பெரியப்பா இதைத் தன் தோளிலேயே வைத்துக்கொண்டிருந்தால் நான் பக்கத்தில் போய்ப் பல் வெட்டுவதைப் பார்த்திருப்பேனே என்று அவர்மேல் வந்த கோபத்தை, பஸ் ஏறும்வரை அடக்கமாட்டாமல் நடந்தேன்.